நடவு வயலில் நாலு மொழி

"வங்காளத்தான் வந்து நம் வயிற்றில் அடிக்கிறான். அவன் பாஷையை நாம் கற்றுக்கொள்ள வேண்டுமாம்! இது என்ன நியாயம்?"

கீழ்வேளூர் வட்டாரத்தில் நடந்த விவசாயத் தொழிலாளர் கூட்டமொன்றில், வயதில் மூத்த தோழர் ஒருவர் எழுந்து நின்று இப்படிக் கேட்டார். கூட்டம் கைதட்டியது. மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கேள்வி அப்படிப்பட்டது. அதை ஒரு சிரிப்பால் மழுப்பிவிட்டுப் போக நாம் விரும்பவில்லை.

தோழருடைய கோபம் நியாயமான கோபம். சில ஆண்டுகளாகவே டெல்டா மாவட்டங்களில் நடவுக்கு மேற்கு வங்காளத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பத்துப் பேர், இருபது பேர் என்று குழுவாக வருகிறார்கள். நாற்றுப் பறிப்பது முதல் நட்டு முடிப்பது வரை ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி, மளமளவென்று முடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள். குலவையிட்டு நட்ட நம்மூர்ப் பெண்கள் வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வேடிக்கையா அது? ஒரு போகத்து வருமானம் கண்ணெதிரே போகிறது!

ஆனால் தோழர்களே, ஒன்று கேட்கிறோம். அந்த வங்காளியை இங்கே கொண்டுவந்து இறக்கியது யார்? அவனாகவா கீழ்வேளூர் ரயில் நிலையத்தைத் தேடிப் பிடித்து வந்து இறங்கினான்? இடையிலே ஒரு தரகர் இருக்கிறார். மிராசுதாரரிடம் ஏக்கருக்கு அவர் வாங்குவது எவ்வளவு? நட்டவன் கைக்குப் போவது எவ்வளவு? நமக்கும் தெரியாது, நட்டவனுக்கும் தெரியாது. இரண்டு கணக்கும் தெரிந்தவர் தரகர் ஒருவரே. ஏன் அப்படி? அவனோடு நாம் பேச முடியாது. நம்மோடு அவன் பேச முடியாது. இரண்டு பேரோடும் பேச முடிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த நாவுக்குத்தான் தரகு!

வெளியாட்களை இறக்குவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1968-இல் இதே கீழ்வேளூர்ப் பக்கத்தில் நடந்ததை மறந்தவர் உண்டா? அரைப்படி நெல் கூடக் கேட்டார்கள். வெளியூர் ஆட்களை வைத்து அறுக்க முற்பட்டார்கள். மோதல் வளர்ந்தது. டிசம்பர் 25 இரவு வெண்மணியில் 44 உயிர்கள் நெருப்பில் போயின. அன்றைக்கு இறக்கப்பட்ட ஆட்களும் தமிழ் பேசியவர்கள். அவர்களிடம் போய்ப் பேச ஒரு வழியாவது இருந்தது. இன்றைக்கு இறக்கப்படுபவரிடம் எந்த மொழியில் போய்ப் பேசப்போகிறோம்?

இதனால்தான் மொழி கற்கும் பேச்சை எடுக்கிறோம். மொழி கற்பது படித்தவர்களின் பொழுதுபோக்கு, நமக்கேன் என்று எண்ண வேண்டாம். இந்தக் காவிரிப் படுகையிலேயே, வெறும் கையோடு வந்து இறங்கி, ஊரார் பேச்சைக் கற்று, காரியம் சாதித்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

கீழ்வேளூரிலிருந்து நாகைக்குப் போய்க் கடலோரமாகவே வடக்கே சென்றால் தரங்கம்பாடி. 1620-இல் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரிடம் இடம் பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். 1706 ஜூலை 9-ஆம் தேதி அந்தக் கரையில் வந்து இறங்கினார் 24 வயது ஜெர்மானியர் ஒருவர். சீகன்பால்கு என்பது அவர் பெயர். டென்மார்க் மன்னர் அனுப்பி, சமயம் பரப்ப வந்தவர். அந்த நோக்கம் சரியா தவறா என்பது வேறு பேச்சு. அவர் மொழி கற்ற விதம்தான் இப்போது நமக்கு வேண்டியது.

துறைமுகத்தில் அன்று வழங்கிய பொது மொழி போர்த்துக்கீசியம். வெள்ளையனும் வியாபாரியும் துபாஷியும் அதில்தான் கொண்டும் கொடுத்தும் வந்தார்கள். அதை முதலில் கற்றார். அதோடு நின்றிருந்தால் துறைமுகத்தோடு நின்றிருப்பார். தெருவில் போகும் மக்கள் பேசுவது தமிழ் அல்லவா? ஆகவே என்ன செய்தார்? முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைப் பிடித்து, அவருடைய பள்ளியையே தம் வீட்டுக்கு வரவழைத்துக்கொண்டார். சிறு பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து மணலில் விரலால் "அ" எழுதினார்கள். அந்த வரிசையில் சட்டை போட்ட வெள்ளைக்காரர் ஒருவரும் உட்கார்ந்து மணலில் விரலால் "அ" எழுதினார்! பிள்ளைகள் சிரித்திருப்பார்களா, மாட்டார்களா? சிரித்தால் சிரிக்கட்டும் என்று உட்கார்ந்தாரே, அங்கேதான் பாதி மொழி வந்துவிட்டது.

மீதிப் பாதி உழைப்பு. ஆசிரியருக்கு அயல்மொழி தெரியாது. எழுத்து வந்தது, பொருள் விளங்கவில்லை. அழகப்பன் என்ற தமிழரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். டேனிஷ் கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அந்த அழகப்பன். போர்த்துக்கீசியத்தோடு டேனிஷ், ஜெர்மன், டச்சு மொழிகளும் அறிந்தவர். காலையில் சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்வது, பிறகு ஏடு படிப்பது, படிக்கத் தெரிந்தவரை வைத்து ஏடுகளைப் படிக்கச் சொல்லிக் கேட்பது என்று நாள் முழுவதும் வேலை நடந்தது. நடை பிடித்துப்போன சில நூல்களை நூறு முறை படிக்கச் செய்து கேட்டதாக அவரே கடிதம் எழுதியிருக்கிறார். ஊர் ஊராக ஆள் அனுப்பி, புலவர்கள் இறந்துபோன வீடுகளிலிருந்து ஏடுகளை விலைக்கு வாங்கினார். 1708-க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்குக் குறிப்புடன் பட்டியல் எழுதிவிட்டார். அதே ஆண்டில் கோட்டைத் தளபதியோடு பூசல் வந்தது. ஏழை விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டதிலிருந்து மூண்ட பூசல் அது. பிடித்துச் சிறையில் போட்டார்கள். நான்கு மாதம் உள்ளே இருந்தார்.

பிற்பாடு ஜெர்மனியிலிருந்து தமிழ் அச்செழுத்து வந்ததும், 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதையும் தமிழில் அச்சிட்டதும், பொறையாற்றில் காகித ஆலை வைத்ததும் பலர் அறிந்த செய்தி. பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு. தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி, மக்கள் சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பெரிய நூலாக்கி 1713-இல் ஊருக்கு அனுப்பினார். ஊரிலிருந்த பெரியவர்கள் என்ன சொன்னார்கள்? அந்த மதத்தை ஒழிக்கத்தான் உம்மை அனுப்பினோம், அதன் கதைகளை இங்கே பரப்புவதற்கு அல்ல என்று சொல்லி நூலைக் கிடப்பில் போட்டார்கள். அது அச்சேறியது 1867-இல், சென்னையில். மொழியைக் கற்கப் போனவன், அந்த மொழி பேசுகிறவனைக் கொஞ்சம் மதிக்கவும் கற்றுவிடுகிறான். அனுப்பி வைத்தவர்களுக்கு அது பிடிப்பதில்லை. அங்கேயும் அப்படித்தான் நடந்தது.

சீகன்பால்குக்குத் தரங்கம்பாடியில் சிலை இருக்கிறது. மணலில் எழுதக் கற்றுக்கொடுத்த கிழவருக்கு? ஐரோப்பிய மொழிகளை நாவில் வைத்திருந்த அழகப்பனுக்கு? சரித்திரம் எழுதுகிறவர்கள் மாணவனை எழுதிவிட்டு வாத்தியாரை விட்டுவிட்டார்கள்.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவரைக் கீழத்தஞ்சைத் தோழர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கத் தேவையில்லை. பி. சீனிவாச ராவ்! அவருக்குத் தாய்மொழி கன்னடம். 1943-இல் விவசாயிகள் இயக்கத்தைக் கட்ட அவர் தஞ்சைச் சீமைக்கு வந்தபோது, இங்கே பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் நடைமுறையில் இருந்த தண்டனைகள். சேரிக்குள் போனார், அங்கேயே சாப்பிட்டார், அங்கேயே படுத்தார். மேடைத் தமிழை அல்ல, சேரியில் பேசிய தமிழைப் பேசினார். பிறப்பால் கிடைத்த தமிழை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் அந்தச் சேரிகளை ஒட்டிய வரப்பில் நடந்து போனார்கள். உள்ளே திரும்பிப் பார்க்கவில்லை. கற்றுக்கொண்ட தமிழோடு வந்த கன்னடக்காரர்தான் உள்ளே போனார். 1961-இல் அவர் மறைந்தபோது இந்தச் சீமை அழுதது. வந்த இடத்து மக்கள் தன் மொழியைக் கற்கட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைத் தோழர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

"பெரிய மொழி என்றால் கற்கலாம். நாலு பேர் பேசுகிற மொழியைக் கற்று என்ன பயன்?" என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும்.

நீலகிரிக்குப் போவோம். 1935-இல் எமனோ என்ற கனடா நாட்டு மொழியறிஞர் அங்கே வந்தார். மூன்றாண்டு இந்தியாவில் இருந்து தோடர் மொழி, கோத்தர் மொழி, படகர் மொழி, குடகு மொழி, மத்திய இந்தியாவின் கோலாமி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். கோத்தர் மக்களை அறிவீர்களா? கொல்லு வேலை, தச்சு வேலை, மண்பாண்டம், இசை என்று அந்த மலைக்கு வேண்டிய கைத்தொழில் அனைத்தையும் செய்த தொழிலாளிகள். அவர்களில் சுள்ளி என்பவர் பள்ளி ஆசிரியர். தலைமயிரை வெட்டிக்கொண்டதற்காகச் சொந்தச் சமூகமே பகைத்தபோதும் பின்வாங்காத சீர்திருத்தக்காரர். அவர் சொல்லச் சொல்ல எமனோ எழுதிய கோத்தர் கதைகள் 1944-க்கும் 1946-க்கும் இடையே அமெரிக்காவில் தொகுதி தொகுதியாக வெளிவந்தன. எழுத்தே இல்லாத மொழி, சில நூறு பேர் பேசிய மொழி, கலிபோர்னியாவில் நூலானது.

தோடர் மொழியோ தமிழ் நாவையே திணற அடிக்கும். நமக்கு ரகரமும் றகரமும் சேர்ந்தே வாயில் ஒழுங்காக வருவதில்லை. மேடையில் "பறவை"யைப் "பரவை" ஆக்குகிறவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! தோடர் மொழியில் நாக்கை அதிரவிட்டு ஒலிக்கும் எழுத்துகளே மூன்று வகை. பல்லருகே ஒன்று, சற்று மேலே ஒன்று, நாவை மடித்து ஒன்று. அந்த மொழியைப் பேசும் மக்கள் சுமார் இரண்டாயிரம் பேர். எமனோவும் பர்ரோ என்ற ஆங்கிலேயரும் சேர்ந்து 1961-இல் திராவிட மொழிகளின் வேர்ச்சொல் அகராதியை வெளியிட்டார்களே, அதில் தமிழ்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே கோத்தர் சொல்லும் தோடர் சொல்லும் வரிசையாக நிற்கின்றன. நமக்குக் கண், கோத்தருக்கும் கண், தோடருக்குக் கொண், பலுசிஸ்தானத்தில் பிராகூயி பேசுகிறவருக்கு ஃகன். தமிழ் எவ்வளவு பழையது, எவ்வளவு பரந்தது என்று மேடையில் முழங்குகிறோம். அந்த முழக்கத்துக்குச் சான்று கொடுப்பவன், இந்தச் சின்ன மொழிகளைப் பேசும் எளியவன். அவன் வாய் மூடினால் நம் சான்றும் போயிற்று. தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் அழியும் ஆபத்திலுள்ள மொழிகளின் பட்டியலில் ஐ.நா.வின் யுனெஸ்கோ நிறுவனம் சேர்த்திருக்கிறது.

மொழி அழிவது எப்படி இருக்கும்? அந்தமானில் 2010 ஜனவரியில் போவா என்ற மூதாட்டி இறந்தார். சுமார் 85 வயது. "போ" என்ற மொழியைப் பேச உலகில் மிஞ்சியிருந்த ஒரே ஆள் அவர். அன்விதா அப்பி என்ற பெண் அறிஞர் அவரிடம் அந்த மொழியைக் கேட்டுப் பதிவு செய்தார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் அந்த மூதாட்டி பறவைகளோடு தம் மொழியில் பேசிக்கொண்டிருப்பாராம். அவரோடு அந்த மொழியும் முடிந்தது.

இதெல்லாம் எங்கோ மலையிலும் தீவிலும் நடப்பது என்று எண்ணிவிட வேண்டாம். கேடிலியப்பர் கோயில் திருவிழாவில் பாசிமணி விற்க வரும் நரிக்குறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது என்ன மொழி? வாக்ரிபோலி. குஜராத்தி, பீலி மொழிகளின் உறவு அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அதைப் பற்றி 1970-இலேயே நூல் வெளியிட்டிருக்கிறது. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023-இல்தான் வந்தது. நம் பக்கத்தில் நின்று ஊசிமணி விற்பவர் நம் மொழியையும் பேசுகிறார், தன் மொழியையும் பேசுகிறார், போகிற ஊரின் மொழியையும் பேசுகிறார். பள்ளிக்கூடம் காணாத பன்மொழிப் புலவர்! அவர் மொழியில் ஒரு சொல் நமக்குத் தெரியுமா? தஞ்சை அரண்மனையிலிருந்து வந்த மோடி எழுத்து ஆவணங்களின் கதையும் இப்படித்தான். மராட்டிய அரசின் வரவு செலவு, நிலம், நீர் எல்லாம் கட்டுக்கட்டாக அந்த எழுத்தில் கிடக்கின்றன. படிக்கத் தெரிந்தவரை விரல்விட்டு எண்ணலாம். தமிழ்ப் பல்கலைக்கழகம் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. நம் பாட்டன் உழுத நிலத்தின் கணக்கை நாம் படிக்க முடியவில்லை.

இப்போது நடவு வயலுக்குத் திரும்புவோம்.

சென்ற சம்பா நடவில் கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு குழுவைச் சந்தித்தோம். எல்லோரும் "வங்காளத்தான்" என்றுதான் ஊரில் பேச்சு. அருகில் போய் உட்கார்ந்து கேட்டபோது, அவர்களில் இருவர் தங்கள் வீட்டு மொழி வங்காளி அல்ல என்றார்கள். ஒராவோன் மக்கள், மொழி குருக். நாற்று முடியை எண்ணிக் காட்டச் சொன்னோம். ஒண்டா, ஏண்ட், மூந்த், நாஃக் என்று எண்ணினார்கள். கூட வந்த நம் தோழர் திகைத்துப் போனார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு! ஐந்திலிருந்து வடநாட்டு எண்கள் வந்துவிட்டன. நாலு வரைக்கும் நம் உறவு நிற்கிறது. அதற்கு மேல் சந்தையின் மொழி வந்து விழுங்கிவிட்டது. பல் என்றால் பல். ஆள் என்றால் ஆள். தண்ணீருக்கு "அம்ம்"; பழந்தமிழிலும் நீருக்கு "அம்" என்ற சொல் உண்டு. நம் பேச்சில் அது செத்துவிட்டது, அவர்கள் நாவில் உயிரோடு இருக்கிறது.

ஒன்றை முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் "நாம்" என்பதற்கும் "நாங்கள்" என்பதற்கும் ஒரே சொல். இந்தியிலும் அப்படியே. கேட்பவனையும் சேர்த்துச் சொல்கிறானா, ஒதுக்கிவிட்டுச் சொல்கிறானா என்று அந்த மொழிகளில் சொல்லைக் கொண்டு பிரித்துக் காட்ட முடியாது. தமிழில் முடியும். குருக் மொழியிலும் முடியும். கேட்பவனையும் சேர்த்தால் "நாம்", அவனை விட்டுவிட்டால் "ஏம்". அதே "நாம்"! அந்த இளைஞரைப் பார்த்து "நாம்" என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவருக்கு விளங்குகிறது. தரகருக்கு இது தெரியுமா?

குருக் பேசுகிறவர்கள் 2011 கணக்குப்படி சுமார் 20 இலட்சம். அத்தனை பேர் இருந்தும் அதுவும் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவன் பிள்ளைக்குத் தாய்மொழியை எங்கே கற்றுக்கொடுப்பான்? நாராயண் ஒராவோன் என்ற மருத்துவர் தம் மக்களின் மொழிக்குத் "தோலோங் சிக்கி" என்ற எழுத்தையே உண்டாக்கினார். நோயாளிக்கு மருந்து எழுதிய கையால் மொழிக்கு எழுத்து எழுதினார்! மேற்கு வங்க அரசு 2018-இல் குருக்கை ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றது.

"அப்படியானால் இந்தியையும் கற்கச் சொல்வீர்களோ?" என்று யாரோ முணுமுணுப்பது காதில் விழுகிறது. 1938-லும் 1965-லும் இந்த நாடு எதிர்த்தது திணிப்பை. அதிகாரத்தில் இருப்பவன் பிடரியில் கைவைத்து, "இதைப் படி, இல்லாவிட்டால் வேலை இல்லை" என்றால் எதிர்க்கத்தான் வேண்டும். பக்கத்தில் நின்று சேற்றில் நடுகிறவனிடம், "உன் ஊரில் இதற்கு என்ன பெயர் அண்ணே?" என்று நாமாகக் கேட்பது எப்படித் திணிப்பாகும்? திணிப்பின் கொடுமையை அறிந்த நமக்குத்தான், குருக் பேசும் அந்தப் பையன் வங்காளியிடமும் இந்தியிடமும் தமிழிடமும் ஒருசேரத் தன் மொழியை இழப்பது விளங்க வேண்டும்.

வயதாகிவிட்டது, இனி நாக்கு திரும்பாது என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. தனிநாயகம் அடிகள் யாழ்ப்பாணத்துப் பக்கத்துத் தீவில் 1913-இல் பிறந்தவர். ரோமாபுரியில் படித்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் தேர்ந்தவர். தமிழை முறையாகக் கற்க அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அதன் பிறகுதான் உலகத் தமிழ் மாநாடுகளுக்கே வழி பிறந்தது. அறிஞர்களை விடுங்கள். நாகப்பட்டினத்தில் "ரஜூலா" கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனார்களே நம் பாட்டன்மார், அவர்கள் எந்தப் பள்ளியில் மலாய் படித்தார்கள்? தோட்டத்திலும் துறைமுகத்திலும் ஆறே மாதத்தில் பேசினார்கள். கடையும் கப்பலும் கட்டிலும் அவர்களுக்கு முன்பே போய் மலாய் மொழியில் குடியேறியிருந்தன. வயிறு வாத்தியாராக இருந்தால் நாக்கு தானே திரும்பும்.

கீழ்வேளூர்த் தோழர்கள் சிலர் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் தமிழ் எழுத்திலேயே வங்காளி. "நாம் கீ?" என்றால் பெயர் என்ன. "மொஜுரி கொத்தோ?" என்றால் கூலி எவ்வளவு. நாற்றுக்குச் "சாரா". தண்ணீருக்கு "ஜொல்". மூன்றாவது பத்தி குருக்குக்கு. அதில் இதுவரை இருப்பது அந்த நாலு எண்ணும் ஏழெட்டுச் சொற்களும். முதலில் எழுதியது எது தெரியுமா? நில அளவு. ஏக்கர் கணக்கு தரகர் பேசும் கணக்கு. வங்காளத்து உழவன் "பீகா" என்று கணக்குப் போடுகிறான். மூன்று பீகா கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். நமக்கோ மூன்று மா ஓர் ஏக்கர். ஆக, அவன் ஒரு பீகாவும் நம் ஒரு மாவும் ஏறக்குறைய ஒன்றுதான். மாவுக்கு நம்மூர் நடவாளுக்கு என்ன கூலி என்று விரலால் காட்டி, பீகாவுக்கு உனக்கு என்ன தருகிறார்கள் என்று கேட்டார்கள். அவர் காட்டிய விரல்களை நம் தோழர்கள் எண்ணினார்கள். நம்மவர் வாங்குவதில் பாதிக்குச் சற்று மேல். மிராசுதாரர் கொடுப்பதாக ஊரில் சொல்லப்படும் தொகையோ அதற்கு வெகு மேலே. அந்தத் தொகையையும் நோட்டில் எழுதி, அதே இடத்தில் அவரிடம் காட்டினார்கள். அடுத்த நடவுக்கு வரும்போது தரகர் இல்லாமல் முதலில் சங்கத்துக்கு வருவதாக அவர் சொன்னாராம். எந்த மொழியில் சொன்னார் என்று கேட்டோம். பாதி வங்காளியில், பாதி தமிழில் என்றார்கள்.